நடுக்கத்திரள்

சுமத்திராவில் நிலம் அதிர்ந்தால், மலேசியாவில் எங்கள் ஊரான ஊத்தான் மெலிந்தாங் ஒட்டுக்கடைகளில் அன்று முழுக்க அதே பேச்சு. மலாய்ச் செய்தியில் வரும் 'கெம்பா சுசுலான்' என்பதைத் தமிழில் 'பின்னதிர்வு' என்று எழுதுகிறார்கள், சரியான சொல். ஆனால் ஆய்வாளர்கள் 'ஸ்வார்ம்' (swarm) என்று பிரித்துச் சொல்வதையும் அதே சொல்லுக்குள் திணிப்பதை எத்தனை முறை படிப்பது?

தேனீக்கள் மொய்ப்பதைக் குறிக்கும் சொல் அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் மொழியில் எழுதிய நிலவியல் ஆய்வாளர்கள் அதை நிலநடுக்கத்துக்கு எடுத்துக்கொண்டனர். ஓரிடத்தில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் பல நடுக்கங்கள் வரும். தலைமையான பெருநடுக்கம் என்று ஒன்று தனித்து நிற்காது.

பின்னதிர்வுக்கோ முன்னால் ஒரு பெரியது வேண்டும். நாளாக ஆக அவை குறையும் என்பதை ஜப்பானிய அறிஞர் ஒமோரி 1894இல் காட்டினார். இந்த மொய்ப்பு அப்படி அடங்குவதில்லை. தணியும், மீண்டும் எழும். வலியது நடுவிலும் வரலாம். 'பின்னதிர்வு' என்று படிப்பவர் பெரியது போய்விட்டதாக நம்பிவிடுகிறார். அந்தப் பொய் நிம்மதியைக் கொடுக்க மொழிபெயர்ப்பாளருக்கு என்ன உரிமை?

2005 ஜனவரி இறுதியில், நிக்கோபாருக்குக் கிழக்கே அந்தமான் கடலில், சில நாள்களுக்குள் 5 அளவைத் தாண்டிய நடுக்கங்கள் மட்டும் நூற்றுக்கு மேல் பதிவாயின. 2004 டிசம்பர் 26 பேரழிவுக்கு அடுத்த மாதம் நடந்ததாலேயே இதைப் பின்னதிர்வு என்று தள்ளிவிட முடியாது. டிசம்பர் நடுக்கம் ஒரு புவித்தட்டு மற்றொன்றின் கீழ் அமிழும் எல்லையில் நிகழ்ந்தது. ஜனவரித் திரளோ கடல்தளம் பிளந்து விரியும் பகுதியில். முன்னது தூண்டியிருக்கலாம். கற்குழம்பு மேலேறியதும் காரணம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

'ஸ்வார்ம்' என்பதைச் சிலர் 'தொடர் நிலநடுக்கம்' என்பார்கள். பின்னதிர்வும் தொடர்ந்துதானே வருகிறது? இரண்டைப் பிரித்துக் காட்டாத சொல் கலைச்சொல்லே ஆகாது. 'நிலநடுக்கக் கூட்டம்' என்றால் ஆலய நிர்வாகக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. 'மொய்ப்பு' அழகுதான், கல்யாண மொய் குறுக்கே நிற்கிறது. மேகம் திரள்கிறது, மக்கள் திரள்கிறார்கள்; முதல்வன் யாரும் தேவையில்லை. ஆகவே நடுக்கத்திரள்.

இதை 'எரிமலை நடுக்கம்' என்று எழுதும் அவசரக்காரர்கள் வேறு. நிலத்தடி நீரும் வாயுவும் நகர்ந்தாலும் திரள் உண்டாகும். 2025 தொடக்கத்தில் கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். கடலடியில் கற்குழம்பு நகர்ந்தது, எரிமலை வெடிக்கவில்லை. அதையும் நடுக்கத்திரள் என்றே எழுதி, கற்குழம்பைப் பற்றி அடுத்த வாக்கியத்தில் சொல்லலாம்.