சைக்கோசிஸ்: மனப்பிறழ்வு

யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் தன்னை உளவு பார்க்கிறார் என்ற எண்ணம் வேரூன்றிவிடும். எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அசையாது. எது நடந்தது, எது மனம் உண்டாக்கியது என்று பிரித்தறிய முடியாத இந்த நிலைதான் சைக்கோசிஸ்.

கிரேக்கத்தில் 'சைக்கீ' என்றால் மூச்சு, உயிர், மனம். 'ஓசிஸ்' என்ற ஈறு ஒரு நிலையைக் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவ நூல்களில் பிறந்த சொல் இது. 1845இல் வியன்னா மருத்துவர் ஃபாய்க்டர்ஸ்லேபன் எழுதிய பாடநூல் வழியே பரவியது. செய்திகளில் வரும் 'சைக்கோ கொலைகாரன்' வேறு கதை. அந்தச் சைக்கோ, சைக்கோபாத் என்பதன் சுருக்கம்; இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாதவர் என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்வதால் எத்தனையோ பேர் வீணாகப் பழி சுமக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பைத்தியம் வசையாகிவிட்டது. 'பித்து' பித்தத்தோடு ஒட்டியது. மனச்சிதைவு என்பது ஸ்கிசோஃப்ரீனியா, அதாவது இதில் ஒரு வகை மட்டுமே. அதோடு, சிதைந்தது சேராது என்ற அச்சமும் அந்தச் சொல்லில் இருக்கிறது. பிறழ்தல் அப்படியல்ல, நிலை மாறுதல், அவ்வளவுதான். சொன்ன சொல் மாறியவரைப் பிறழ்சாட்சி என்கிறோமே, அதே பிறழ்வு. மாறியது திரும்பவும் கூடும். அதனால் மனப்பிறழ்வு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

திரும்புவது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. நார்வேயின் ரோகாலான்ட் பகுதியில் 1997 முதல் பத்திரிகை, பள்ளி என்று எல்லா வழியிலும் அறிகுறிகளை மக்களுக்கு விளக்கினார்கள். மற்ற இடங்களில் சுமார் 16 வாரம் கழித்துத் தொடங்கிய சிகிச்சை அங்கே 5 வாரத்தில் தொடங்கியது. 10 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மீண்டு அன்றாட வாழ்க்கைக்கு வந்தவர்கள் அங்கே 31 சதவீதம், மற்ற இடங்களில் 15. ஆனால் டென்மார்க்கில் 2 ஆண்டு தனிக்குழு வைத்துப் பார்த்துக்கொண்டபோது கிடைத்த நன்மை, அது நின்றபின் 5ஆம் ஆண்டுக்குள் பெரும்பாலும் கரைந்துபோனது. சீக்கிரம் தொடங்கினால் மட்டும் போதாது, பாதியில் கைவிடவும் கூடாது.

இப்படிச் சீக்கிரமே தொடங்கித் தொடரும் சிகிச்சைச் சேவையைச் சிலர் 'ஆரம்பகாலத் தலையீடு' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனமும் கனடாவின் மான்ட்ரியல் நகர ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வில், பேச்சும் ஆர்வமும் வற்றிப்போகும் அறிகுறிகள் சென்னையில் கூடுதலாகக் குறைந்தன. அங்கே குடும்பத்தினர் சிகிச்சையில் அதிகம் கூடவே இருந்தார்கள். மகனோடு மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் அம்மா செய்வது தலையீடா? தொடக்கநிலைப் பராமரிப்பு என்றே நான் எழுதுகிறேன்.