வாய்ஸ் ஓவர்: பின்னணிக் குரலா, குரல் கொடுப்பதா?

வாய்ஸ் ஓவர் என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் 'பின்னணிக் குரல்' என்றுதான் பதில் வரும். அகராதிக்கு அது போதும். மைக் முன்னால் போய் உட்காருகிறவருக்குப் போதாது, சில சமயம் கெடுதலும் செய்யும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். 'வாய்ஸ்' இலத்தீனின் 'வாக்ஸ்' வழியாக வந்தது. 'ஓவர்' என்றால் மேலே. படத்தின் மேல் வைத்த குரல் என்பதுதான் நேர்ப்பொருள். பேசுகிறவர் திரையில் இருக்கமாட்டார். இருந்தாலும் அவர் வாய் அசையாது. போலந்துத் தொலைக்காட்சியில் இந்த 'மேலே' அப்படியே நடக்கும். வெளிநாட்டுப் படத்தின் மூல ஒலியைத் தணித்துவிட்டு, ஆண், பெண், குழந்தை எல்லாருடைய வசனத்தையும் ஒரே ஆள் அதன் மேல் படித்துக்கொண்டே போவார். அவருக்கு அங்கே 'லெக்டர்' என்று பெயர்.

நமக்கு இது பழக்கமில்லை என்றாலும் வாய்ஸ் ஓவர் புதிதல்ல. 1948-இல் தொடங்கிய, மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படங்களும் ஆவணப்படங்களும் ஒரு காலத்தில் தியேட்டரில் முக்கியப் படத்துக்கு முன்னால் ஓடும். வெள்ளம், அணைக்கட்டு, பிரதமர் பயணம் என்று காட்சி எதுவானாலும் அதன் மேல் ஒரு கனத்த தமிழ்க் குரல் வரும். பாரதிராஜா தன் படத் தொடக்கத்தில் 'என் இனிய தமிழ் மக்களே' என்பாரே, அதுவும் வாய்ஸ் ஓவர்தான்.

டப்பிங் வேறு. பலர் இரண்டையும் குழப்புகிறார்கள். 'டப்' என்பது ஆங்கில 'டபுள்' சுருங்கிப் பிறந்த சொல். இருக்கும் ஒலியை இன்னொரு முறை பதிவது, இரட்டிப்பது. ஒருவருக்குப் பட்டம் சூட்டுவதையும் ஆங்கிலத்தில் 'டப்' என்பார்கள். அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, இதற்குச் சொந்தமில்லை. டப்பிங்கில் திரையில் ஒரு வாய் அசையும், அந்த அசைவுக்குள் நம் பேச்சு அடங்க வேண்டும். ஏவி.எம். எடுத்த கன்னட 'ஹரிச்சந்திரா' 1944-இல் தமிழ் பேசி வந்தது. இந்தியாவின் முதல் மொழிமாற்றுப் படம் என்று அதைத்தான் சொல்வார்கள். ஒரே மொழிக்குள்ளும் டப்பிங் உண்டு. 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்குப் பேசியவர் நடிகர் விக்ரம். மொழிமாற்றில், தெலுங்குக்குப் போன கமல் படங்கள் பலவற்றில் அவருக்குப் பேசியவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம்.

சரி, 'பின்னணி' எங்கிருந்து வந்தது? பின் + அணி. அணி என்றால் வரிசை, படைவரிசை. பின்னால் நிற்கும் வரிசை பின்னணி. சினிமாவில் முன்னால் ஒருவர் வாயசைக்க, மறைவிலிருந்து இன்னொருவர் பாடும் முறை வந்தபோது 'பின்னணிப் பாடகர்' என்று பெயர் வைத்தார்கள். அழகான பெயர், பொருத்தமான பெயர். 'இரவல் குரல்' என்றும் ஒரு வழக்கு உண்டு. அதில் லேசான ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாடகருக்கு வைத்த பெயரையே பேசுகிறவருக்கும் நீட்டியதில் பிறந்ததுதான் பின்னணிக் குரல். டப்பிங்குக்கு அது ஓரளவு ஒத்துவரும், ஏனென்றால் முன்னால் ஒரு முகம் நிற்கிறது. ஆவணப்படத்திலும் விளம்பரத்திலும் ஒலிநூலிலும் முன்னால் யார் நிற்கிறார்கள்? ஒலிநூலில் படமே கிடையாது. அங்கே குரல்தான் முன்னணி.

இது வெறும் சொல் சண்டை இல்லை. பின்னணி என்ற எண்ணத்தோடு வருகிற புதியவர், தன்னை மறைத்துக்கொண்டு ஒரு 'பொதுக் குரலில்' படிக்கத் தொடங்கிவிடுகிறார். எனக்கும் நடந்தது. ஒரு சமையல் எண்ணெய் விளம்பரத்துக்கு, கண்ணாடி அறைக்குள் நின்று ஆறு டேக் கொடுத்தேன். ஒலிப்பதிவாளர் ஹெட்போனில் சொன்னார்: "சார், நியூஸ் வாசிக்கிறீங்க. உங்க அக்காகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க."

அவர் தொழிலில் இந்த வேலைக்கு என்ன சொல்வார்கள் தெரியுமா? 'குரல் கொடுப்பது'. "அந்த நடிகைக்கு யார் குரல் கொடுத்தது?" என்றுதான் கேட்பார்கள். என் கணக்கில் வாய்ஸ் ஓவருக்கும் டப்பிங்குக்கும் சேர்த்தே நல்ல தமிழ் இதுதான். புதிதாக ஆக்கிய சொல் அல்ல, ஏற்கெனவே வாயில் புழங்குவது. வீட்டில் "போகும்போது ஒரு குரல் கொடு" என்கிறோம். ஏழைக்காக ஒருவர் குரல் கொடுத்தார் என்று எழுதுகிறோம். எல்லா இடத்திலும் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் உண்டு. கொடு என்று சொன்னதுமே 'யாருக்கு?' என்ற கேள்வி வந்துவிடும். பின்னணி என்ற சொல் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

'குரல்' என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. சங்கப் பாட்டில் தினைக்கதிருக்குக் குரல் என்று பெயர். தமிழிசையில் ஏழு சுரங்களில் முதலாவது குரல். பிறகுதான் துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். வள்ளுவருடையது 'குறள்', அதாவது குறுகியது. குரல், குறள் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பதிவு செய்து, எது எது என்று இன்னொருவர் கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள். பயிற்சியின் முதல் நாளுக்கு அது போதும்.

பயிற்சிக்கு ஆயிரம் யூடியூப் காணொளிகள் கிடக்கின்றன. தமிழ் உச்சரிப்புக்கு என்றால் நான் முதலில் காட்டுவது, எழுத்துகள் வாயில் பிறக்கும் விதத்தைச் சொல்லும் தொல்காப்பியத்தின் பிறப்பியலைத்தான். 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்று அது தொடங்குகிறது. காற்று கொப்பூழிலிருந்து கிளம்புகிறதாம். மூச்சை வயிற்றிலிருந்து எடு, தோளைத் தூக்காதே என்று இன்றைக்குக் குரல் பயிற்சியாளர் சொல்வதும் அதுதானே. அப்புறம் நாக்கு. நாவிளிம்பு வீங்கிப் பல்லடியைச் சேர்ந்து அண்ணத்தை ஒற்றினால் ல, வருடினால் ள; நுனிநா மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் ழ. 'ஒற்ற', 'வருட' என்ற இரண்டு வினைச்சொற்களைப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. ழ வராதவர்கள் பெரும்பாலும் வருட வேண்டிய இடத்தில் அழுத்துகிறார்கள். அதற்கு மேல் வேண்டுமானால் ஏழைக் கிழவனை வாழைப்பழத் தோலில் வழுக்கி விழ வைக்கலாம். வேகம் முக்கியமில்லை, மெதுவாகச் சொல்லும்போது பிசகுகிறவருக்கு வேகத்தில் மறைக்கத்தான் தெரியும்.

டப்பிங் பழகுகிறவர்களுக்கும் அதே இயலில் ஒரு வரி இருக்கிறது. ப, ம இரண்டும் 'இதழ் இயைந்து' பிறக்கும். திரையில் உதடு மூடும் இடத்தில் நம் வசனத்திலும் ப அல்லது ம வந்துவிட்டால் கண் ஏமாந்துவிடும். நல்ல மொழிமாற்று வசனகர்த்தா இதற்காகவே சொல்லைத் தேடுவார். அடுத்தது மாத்திரை: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. முப்பது வினாடி விளம்பரத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கிலக் கணக்கு தமிழில் உதைக்கும். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' நமக்கு ஒரே சொல். அதனால் சொல்லை எண்ணாமல், கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே வழி.

மற்றபடி வீட்டுப் பயிற்சிக்குச் செலவு குறைவு. செல்போன் போதும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதைப் பார்த்துப் பேசினால் எதிரொலி அடங்கும், மின்விசிறியை நிறுத்துங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, முகத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் 'ப' வெடிக்காது. பதிவில் நம் குரல் யாருடையதோ போலக் கேட்கும், பயப்பட வேண்டாம். நாம் பேசும்போது நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது, அதனால் கனமாகத் தெரிகிறது. மற்றவர்களுக்குக் காற்று வழியாக மட்டும்தான்.

யாரைக் கேட்டுப் பழகுவது? உச்சரிப்புக்கு இலங்கை வானொலியின் பி.எச்.அப்துல் ஹமீது. நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய மரியாதையோடு பேசுவார். செய்தியின் கம்பீரத்துக்கு ஆகாசவாணியின் சரோஜ் நாராயணஸ்வாமி. கேளுங்கள், நகலெடுக்காதீர்கள். எண்ணெய் விளம்பரத்தில் நான் செய்த தப்பு அந்தக் கம்பீரத்தை அடுப்படிக்குக் கொண்டுபோனதுதான்.

செயலுக்குப் பெயர் கிடைத்தது, ஆளுக்கு? டப்பிங் கலைஞர் என்பது அவர்களுடைய தொழிற்சங்கத்தின் பெயரிலேயே ஏறிவிட்டது, அதை இறக்க முடியாது. 'குரல் கொடுப்பவர்' சரிதான், விசிட்டிங் கார்டுக்கு நீளம். புணர்ச்சி விதிப்படி 'குரற்கலைஞர்' என்று எழுத வேண்டும் என்பார்கள் இலக்கண நண்பர்கள். எழுத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். மைக்கில் 'குரற்க' என்ற இடத்தில் நாக்கு தடுக்கும், கேட்பவருக்குக் குறளா குரலா என்ற சந்தேகமும் வரும். நான் இடைவெளி விட்டுக் 'குரல் கலைஞர்' என்றே சொல்கிறேன்.