பழைய காரில் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் படுத்துவிடுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: “என்னுடையது ஆட்டோமேட்டிக் கார். ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு தடவைகூட மாற்றியதில்லை. ஒரு மெக்கானிக் ‘உடனே மாத்துங்க’ என்கிறார். இன்னொருவர் ‘இத்தனை நாள் தொடலைல்ல, இனிமே தொடவே தொடாதீங்க, மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?”

இருவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் இரண்டாமவர் சொல்லும் காரணம்தான் இடறுகிறது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், அந்தச் சிவப்பு ஆயில் உள்ளே என்னதான் செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். (சிவப்பு வெறும் சாயம். காருக்கு அடியில் ஒழுகினால் என்ஜின் ஆயிலா கியர்பாக்ஸ் ஆயிலா என்று கண்டுபிடிப்பதற்காகச் சேர்ப்பது.)

அதன் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பம்ப் கொடுக்கும் அழுத்தத்தைச் சுமந்துபோய் பிஸ்டன்களைத் தள்ளி கியர் மாற்றுகிறது. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரில், ஒரு விசிறி காற்றை வீசி எதிரில் உள்ள விசிறியைச் சுழற்றுவது போல, சுழற்சியைக் கடத்துகிறது. ஜெர்மானியர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. அவர் அதைக் கப்பல்களுக்காக யோசித்தார் என்பது தனிக்கதை. அப்புறம், பற்சக்கரங்களுக்கு வழவழப்பு தருகிறது, சூட்டை அள்ளிக்கொண்டு போய் கூலரில் இறக்குகிறது. இந்த நான்கு வேலைகளையும் ஓரளவு நல்ல எண்ணெய் எதுவும் செய்துவிடும். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் எல்லா எண்ணெயும் செய்யாது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் என்பது வட்டத் தகடுகளின் அடுக்கு. ஒரு வெற்று இரும்புத் தகடு, அடுத்து இரு பக்கமும் உராய்வுப் பொருள் ஒட்டிய தகடு, மறுபடி இரும்பு என்று மாறி மாறி அடுக்கியிருப்பார்கள். அந்த உராய்வுப் பொருள் என்ன தெரியுமா? பெரும்பாலும் காகிதம்! செல்லுலோஸ் இழைகளோடு கனிமத் தூள்களைக் கலந்து, ஃபீனாலிக் பிசினில் ஊற வைத்துச் சுட்டு எடுத்த காகிதம். அந்தத் தூள்களில் ஒன்று, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன டயட்டம் பாசிகளின் சிலிக்கா ஓடுகள். ஓடு முழுக்க நுண்துளைகள் என்பதால் சேர்க்கிறார்கள். ஒன்றரை டன் வண்டியை மேட்டில் ஏற்றும் விசை, காகிதத்தின் மீதும் பாசி ஓட்டின் மீதும் போகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்குவதில்லை.

இதைவிடப் பெரிய வியப்பு, இந்த அடுக்கு முழுவதும் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது என்பது. ஒன்றையொன்று இறுகப் பிடிக்க வேண்டிய தகடுகளுக்கு நடுவில் எதற்கு எண்ணெய்?

கியர் மாறும் நொடியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். பிஸ்டன் அடுக்கை அழுத்துகிறது. தகடுகளுக்கு இடையிலுள்ள எண்ணெய் பிதுங்கிக் காகிதத்தின் துளைகளுக்குள்ளும், தகட்டில் வெட்டியிருக்கும் பள்ளங்களுக்குள்ளும் ஓடுகிறது. ஒரு தகடு வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றிக்கொண்டிருக்க, நடுவில் சிக்கிய எண்ணெய்ப் படலம் தன் பாகுத்தன்மையால் இரண்டையும் இழுக்கிறது. வேகமானது தணிகிறது, மெதுவானது முடுக்கம் பெறுகிறது. படலம் மெலிந்துகொண்டே போய், கடைசியில் காகித இழைகளின் முனைகளுக்கும் இரும்புக்கும் நடுவில் சில மூலக்கூறுகளின் தடிமன் மட்டும் மிஞ்சும். இரண்டு தகடுகளும் ஒரே வேகத்துக்கு வந்து பூட்டிக்கொள்ளும். எல்லாம் ஒரு நொடிக்குள்.

கடைசி அந்தக் கணத்தில்தான் சிக்கல். பீரோவைத் தரையில் தள்ளியவர்களுக்குத் தெரியும், அசைக்கும்வரை பெரும்பாடு, அசைந்துவிட்டால் சுலபம். நிற்கும் பொருளின் உராய்வு, நகரும் பொருளின் உராய்வைவிட அதிகம் என்று பள்ளியில் படித்ததுதான். அதைத் தலைகீழாக ஓட்டிப் பாருங்கள். நகரும் பொருள் நிற்கப்போகும்போது உராய்வு திடீரென்று ஏறும். கிளட்ச்சில் இது நடந்தால், கியர் மாறி முடியும் தறுவாயில் ‘டக்’கென்று ஒரு வெட்டு விழும். இழுவிசையை வரைபடமாக எடுத்தால் கோடு கடைசியில் சேவல் வால் போலத் தூக்கி நிற்கும். பொறியாளர்கள் அதை அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள்.

அதைவிட மோசமானது அதிர்வு. தகடுகள் மெல்ல வழுக்கிக்கொண்டிருக்கும்போது வழுக்கும் வேகம் துளி குறைகிறது என்று வையுங்கள். வேகம் குறைந்ததால் உராய்வு கூடுகிறது. உராய்வு கூடியதால் வேகம் இன்னும் குறைகிறது. ஒட்டிக்கொள்கிறது. பின்னாலிருந்து என்ஜின் முறுக்க, விசை சேர்ந்து பிய்த்துக்கொள்கிறது. மறுபடி வழுக்கல், மறுபடி ஒட்டல். நொடிக்குப் பலமுறை. கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதும், பழைய கதவு முனகுவதும், வயலின் தந்தி பாடுவதும் இதே கூத்துதான். வயலினில் அது வேண்டும் என்பதற்காக வில்லுக்குக் குங்கிலியம் தேய்க்கிறார்கள். கியர்பாக்ஸில் அது வேண்டாம் என்பதற்காக வேறொன்றைச் சேர்க்கிறார்கள்.

அதற்கு உராய்வு மாற்றி என்று பெயர். எண்ணெயில் மிகச் சிறிய பங்குதான். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரும்பில் ஒட்டிக்கொள்ள ஆசைப்படும் தலை ஒன்று, எண்ணெயோடு உறவாடும் நீண்ட ஹைட்ரோகார்பன் வால் ஒன்று. தலைகள் இரும்பைப் பற்றிக்கொள்ள, வால்கள் பிரஷ்ஷின் மயிர் போல நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். தகடுகள் வேகமாக வழுக்கும்வரை நடுவிலிருக்கும் எண்ணெயின் பங்கு பெரிது, இந்தப் பிரஷ்ஷுக்கு அதிகம் வேலையில்லை. வேகம் குறையக் குறைய பாரம் பிரஷ்ஷின் மேல் இறங்குகிறது. வால்கள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாகச் சறுக்கும் என்பதால், நிற்கப்போகும் நேரத்தில் உராய்வு ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறது. பீரோ விதி அப்படியே கவிழ்ந்துவிட்டது! இப்போது வேகம் துளி குறைந்தால் பிடியும் துளி தளர்கிறது, வேகம் தானாகச் சமன்படுகிறது. அதிர்வு பிறக்க வழியே இல்லை. ஒரு மூலக்கூறு உயரத்துக்கு ஒரு படலம், அது செய்யும் காரியத்தைப் பாருங்கள்.

பிரஷ் அடர்த்தி கூடிவிட்டாலும் ஆபத்து. பூட்டிய தகடு பாரம் தாங்காமல் வழுக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு கியர்பாக்ஸின் காகிதத்துக்கும் ஏற்றபடி இந்த அளவைச் செதுக்குகிறார்கள். கையேட்டில் எழுதியிருக்கும் ரகத்தைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள் என்பது இதனால்தான். சிவிடி வண்டியில், அதாவது படிப்படியான கியர்களுக்குப் பதிலாக பெல்ட்டும் கப்பியும் வேலை செய்யும் வண்டியில், இது இன்னும் முக்கியம். அங்கே இரும்புப் பெல்ட் இரும்புக் கப்பியைப் பிடித்தாக வேண்டும், எண்ணெயின் தேவையே வேறு. நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றி ஊற்றினால் பெல்ட் வழுக்கி, கப்பியில் கீறல் விழும்.

இந்தப் பிரஷ் ஒரு காலத்தில் எங்கிருந்து வந்தது என்பது கொஞ்சம் சங்கடமான வரலாறு. எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து. அந்த எண்ணெயின் பெரும்பகுதி திரவ மெழுகு, இந்த வேலைக்கென்றே பிறந்தது போன்ற நீண்ட வால் மூலக்கூறுகள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்யும்வரை கார்களின் கியர்பாக்ஸில் திமிங்கிலம் ஓடிக்கொண்டிருந்தது. தடை வந்தபின் வேதியியலாளர்கள் ஹோஹோபா செடியின் விதையெண்ணெயையும் செயற்கை மூலக்கூறுகளையும் தேடிப் போனார்கள். முடியாது என்று நினைத்தது, சட்டம் வந்ததும் முடிந்தது. உராய்வை ஆராயும் துறைக்கு ‘டிரைபாலஜி’ என்று பெயர் வைத்ததே 1966-இல், பிரிட்டிஷ் அரசுக்காக எழுதிய ஓர் அறிக்கையில்தான். ராக்கெட் என்றால் திறக்கும் கஜானா, தேய்மானம் என்றால் ஏனோ திறப்பதில்லை. உலகில் எரியும் எரிபொருளில் எவ்வளவு உராய்வுக்கே போகிறது என்று யோசித்தால் இது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

சரி, வாசகரின் காருக்கு வருவோம். ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டரில் அந்தப் பிரஷ் என்னவாகியிருக்கும்? சூடு எண்ணெயை ஆக்ஸிஜனேற்றம் செய்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். உராய்வு மாற்றிகள் சிதைகின்றன. பாகுத்தன்மையைக் காப்பதற்காகச் சேர்த்த நீண்ட பாலிமர்களைப் பற்சக்கரங்கள் துண்டு துண்டாக நறுக்கிவிடுகின்றன. முதல் அறிகுறி பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்அப் கிளட்ச்சில் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) தெரியும். நிதானமாக ஒரே வேகத்தில் போகும்போது, சாலையில் வரிவரியாகக் கோடு போட்ட இடத்தில் ஏறியது போல ஒரு நடுக்கம். அதுதான் சாக்பீஸ் கிறீச்சு.

இந்த நிலையில் இருக்கும் வண்டிக்குப் புது ஆயில் மருந்து. போன பிரஷ் திரும்ப வரும். ஆனால் காகிதமே தேய்ந்திருந்தால்? அல்லது கெட்ட எண்ணெயின் கசடு துளைகளை அடைத்து, காகிதம் கண்ணாடி போலப் பளபளத்துவிட்டிருந்தால்? எந்த ஆயிலும் காகிதத்தை முளைக்க வைக்காது. அதோடு, புது ஆயிலின் பிரஷ் உராய்வைக் கொஞ்சம் குறைக்கும் என்று பார்த்தோமல்லவா? பழைய ஆயிலில் எப்படியோ பிடித்துக்கொண்டிருந்த தேய்ந்த கிளட்ச், புது ஆயிலில் கைவிட்டுவிடலாம். இரண்டாம் மெக்கானிக் கண்ணால் கண்டது இதுவாக இருக்கும்.

ஆனால் அவர் கணக்கில் விட்ட ஒன்று உண்டு. வாழ்நாளெல்லாம் ஆயில் மாற்றாதவர் எப்போது மாற்ற வருகிறார்? கியர் வழுக்கத் தொடங்கியபின், கடைசி முயற்சியாக. சாகக் கிடந்த கியர்பாக்ஸ் அடுத்த வாரம் சாகிறது, பழி ஆயில் மேல் விழுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நன்றாக ஓடும் வண்டிக்கு மாற்றி, அதன்பின் ஒன்றும் ஆகாமல் போனவர்கள் மெக்கானிக்கிடம் திரும்பி வந்து கதை சொல்வதில்லை.

‘இது ஆயுள் முழுக்க வரும் ஆயில்’ என்ற விளம்பரத்தையும் நான் நம்புவதில்லை. யாருடைய ஆயுள் என்று அதில் இருக்காது. கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது.

ஆக வாசகரே, கியர் ஒழுங்காக விழுகிறதா, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் கத்தாமல் வண்டியும் நகர்கிறதா? நடுக்கம் மட்டும்தான் இருக்கிறதா, அல்லது அதுவும் இல்லையா? அப்படியென்றால் மாற்றுங்கள். ஏற்கெனவே வழுக்குகிறது, ஆயிலில் கருகிய வாடை அடிக்கிறது என்றால், மாற்றுவதற்கு முன் கியர்பாக்ஸைப் பிரிக்கும் செலவுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். சில ஆயில்கள் நல்ல நிலையிலேயே சீக்கிரம் பழுப்பாகிவிடும்.

மெஷினை மாட்டி அழுத்தத்தில் ஃபிளஷ் செய்வதை, இத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டியில் நான் தவிர்ப்பேன். எங்கோ படிந்து கிடக்கும் கசடு கிளம்பி, ஆயிலை அந்தந்தக் கிளட்ச்சுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் ஊசித் துளைகளில் போய் உட்காரலாம். வடித்துவிட்டு ஊற்றுவதே போதும். ஆனால் அடித்தொட்டியைத் திறந்தால் முழு ஆயிலும் வராது, கணிசமான பகுதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். ஒரு தடவைக்கு 40 சதவீதம் வெளியே வருகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் முறைக்குப் பின் பழையது 60 சதவீதம் மிச்சம், இரண்டாம் முறை 36, மூன்றாம் முறை சுமார் 22. நடுவில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி செய்யலாம். பழைய கியர்பாக்ஸுக்கு இந்தப் படிப்படியான மாற்றம்தான் பதமாக இருக்கும்.

வீட்டிலேயே செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வடிக்கும் திருகைத் தொடுவதற்கு முன், ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பாருங்கள். வடித்து முடித்தபின் அது இறுகிக் கிடப்பது தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இல்லாத வண்டிகளில், என்ஜினை ஓட விட்டு, கையேடு சொல்லும் வெப்பநிலையில் ஆயில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும், சூட்டில் ஆயில் விரிவடையும் என்பதால். ஃபில்டரை மாற்ற முடிகிற வண்டி என்றால் அதையும் மாற்றிவிடுங்கள்.

தொட்டியைக் கழற்றியதும் அடியில் உள்ள காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவு போன்ற சேறு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். கையில் குத்தும் சில்லுகள் இருந்தால், புது ஆயில் டப்பாவைத் திறக்காமல் வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.