கீழே தொட்டால் மேலே அமுங்குகிற டேப்லெட்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பழைய விண்டோஸ் டேப்லெட் ஒன்று சும்மா கிடந்தது, லினக்ஸ் போட்டேன். எல்லாம் ஓடுகிறது, தொடுதிரை மட்டும் தலைகீழ். கீழே தொட்டால் மேலே இருக்கிற பட்டன் அமுங்குகிறது. மூன்று முறை மறுபடியும் இன்ஸ்டால் பண்ணியாகிவிட்டது. டிரைவர் சரியில்லையா, திரையே போய்விட்டதா?"

ரெண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. அந்தத் திரை எந்தப் பக்கம் பார்த்து ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை டிரைவருக்கு, அதாவது அந்தத் திரையை இயக்கும் மென்பொருளுக்கு, யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மறுபடி மறுபடி இன்ஸ்டால் பண்ணுவது ராசி பார்க்கிற மாதிரி. சொல்லாத தகவல் முப்பதாவது முறையும் வந்து சேராது.

யுஎஸ்பி பென் டிரைவைச் செருகினால் 'நான் இன்னார்' என்று தன் எண்ணை அதுவே சொல்லிவிடும், கணினிக்குள் செருகுகிற பிசிஐ கார்டும் அப்படித்தான். டேப்லெட்டின் தொடுதிரைச் சிப் பெரும்பாலும் ஐ2சி என்ற இரண்டு கம்பிப் பாதையில் தொங்குகிறது. முகவரி சொல்லிக் கூப்பிட்டால் 'இருக்கிறேன்' என்று தலையாட்டும், அதோடு சரி. தான் யார் என்று சொல்ல அந்தப் பாதையில் பொதுவான வழி கிடையாது. அதனால் போர்டில் எது எங்கே இருக்கிறது என்ற விவரத்தை ஃபர்ம்வேர்தான் (கருவியிலேயே பொதிந்து வரும் அடிப்படை மென்பொருள்) இயங்குதளத்திடம் கொடுக்கவேண்டும்.

இந்த விவரத்தை எழுத இரண்டு பெரிய மரபுகள் உண்டு. இன்டெல் வகைக் கணினிகளில் ஏசிபிஐ. 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து வெளியிட்டது. கைபேசிகளில் அதிகம் இருக்கிற ஏஆர்எம் வகைச் செயலி போர்டுகளில் டிவைஸ் ட்ரீ. அதன் வேர் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற பழைய தரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஏஆர்எம் போர்டுக்கும் தனித்தனி சி மொழிக் கோப்பு எழுதிக் குவித்ததைப் பார்த்து 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகவே திட்டினார், அதன்பிறகு ஏஆர்எம் உலகம் வேகமாக டிவைஸ் ட்ரீக்கு மாறியது.

இப்போது டிரைவர் எழுதுகிறவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். சிலீட் நிறுவனத்தின் ஜிஎஸ்எல்1680 தொடுதிரைச் சிப் மலிவு விலை ஏஆர்எம் டேப்லெட்டிலும் இருக்கிறது, இன்டெல் ஆட்டம் டேப்லெட்டிலும் இருக்கிறது. முதலாவதில் டிவைஸ் ட்ரீ அதை 'சிலீட், ஜிஎஸ்எல்1680' என்கிறது, இரண்டாவதில் ஏசிபிஐ 'எம்எஸ்எஸ்எல்1680' என்கிறது. ஆளை அடையாளம் காண்பது சுலபம், டிரைவரில் இரண்டு பெயர்ப்பட்டியல் வைத்தால் போதும். அதற்கப்புறம்தான் சிக்கல்: திரை எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம், அச்சு தலைகீழா, சிப்புக்குள் ஏற்றவேண்டிய கோப்பின் பெயர் என்ன? ஒவ்வொரு கேள்விக்கும் 'டிவைஸ் ட்ரீயானால் இப்படிக் கேள், ஏசிபிஐயானால் அப்படிக் கேள்' என்று எழுதிக்கொண்டே போனால் ஒரு டிரைவருக்குள் இரண்டு டிரைவர் வளர்ந்து நிற்கும்.

2015 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 3.19-இல் இதற்கு ஒரு வழி பிறந்தது, கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) எனக்கு மிகவும் பிடித்த வேலைகளில் ஒன்று இது. டிவைஸ் ட்ரீயில் ஒரு சாதனத்தைக் குறிக்கும் கணுவுக்குள்ளும் ஏசிபிஐ சாதனத்துக்குள்ளும் ஒரே மாதிரியான சின்னக் கைப்பிடி ஒன்றைப் பொதிந்துவைத்தார்கள். இன்றைய கர்னலில் அந்தக் கைப்பிடி ஒரு செயல் அட்டவணையைச் சுட்டுகிறது: எண்ணை எப்படிப் படிப்பது, சொல்லை எப்படிப் படிப்பது, பிள்ளைக் கணு எது, பெற்றோர் எது என்று. டிரைவர் 'தொடுதிரையின் அகலம் என்ன' என்று ஒரே ஒரு வரியில் கேட்கும், கேள்வி அட்டவணை வழியாக உரிய இடத்துக்குப் போய்ப் பதிலோடு திரும்பும், எழுதிக்கொடுத்தது யார் என்பது டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

கிட்டே போய்ப் பார்த்தால் இன்னும் அழகு. ஒரு பேச்சுக்கு அகலம் 1665 என்று வைத்துக்கொள்வோம். டிவைஸ் ட்ரீ கோப்பில் அது பதினாறடிமான முறையில் 00 00 06 81 என்று நான்கு பைட்டாக, பெரிய பக்கம் முன்னால் வருமாறு கிடக்கும். ஏஆர்எம், இன்டெல் செயலிகள் வழக்கமாகச் சின்ன பக்கத்திலிருந்து படிக்கிறவை. அப்படியே எடுத்துப் படித்தால் 216 கோடியே 46 லட்சத்துச் சொச்சம் புள்ளி அகலமான டேப்லெட் ஆகிவிடும்! அட்டவணையின் டிவைஸ் ட்ரீ பக்கம் பைட்டுகளைத் திருப்பிப்போட்டுத் தருகிறது. ஏசிபிஐ பக்கம் 2014-இல் 5.1 பதிப்பில் அனுமதித்த பெயர்-மதிப்புப் பட்டியலில் தேடி எடுத்துத் தருகிறது. டிரைவர் கையில் கிடைப்பது 1665, எந்த வழியில் வந்தாலும்.

சரி, பட்டியலில் எதுவுமே எழுதப்படாமல் இருந்தால்? வாசகரின் டேப்லெட் பெரும்பாலும் இந்த வகைதான். விண்டோஸில் அது ஒழுங்காக ஓடியதற்குக் காரணம், அந்த மாடலுக்கான அளவும் திசையும் தயாரிப்பாளர் கொடுத்த விண்டோஸ் டிரைவருடனேயே வந்துவிடுவதுதான். ஏசிபிஐயில் எழுதவேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

இதற்கும் அந்தக் கைப்பிடியில் இடம் வைத்திருக்கிறார்கள்: இரண்டாவது கைப்பிடி ஒன்றைப் பின்னால் மாட்டலாம். முதலாவது 'எனக்கு அப்படி ஒன்று தெரியாது' என்று சொன்னால் மட்டும் கேள்வி அதனிடம் போகும் (முதலாவது தப்பான பதில் சொல்லிவிட்டால் இரண்டாவதிடம் யாரும் கேட்கமாட்டார்கள், அது வேறு வேதனை). கர்னலுக்குள் டேப்லெட் மாடல்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பயாஸ் (இன்டெல் வகைக் கணினியின் ஃபர்ம்வேர்) சொல்லும் தயாரிப்பாளர் பெயரும் மாடல் பெயரும் பொருந்தினால், டிரைவர் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே 'உயரம் 1140, அச்சு தலைகீழ்' என்ற குறிப்பு பின்னால் மாட்டப்பட்டுவிடும். அப்புறம் உங்கள் விரல் 100-ஆம் புள்ளியில் பட்டால் டிரைவர் 1139-இலிருந்து அதைக் கழித்து 1039 என்று மேலே அனுப்பும், நீங்கள் தொட்ட பட்டனே அமுங்கும். சிலீட் டிரைவரில் இதற்காக ஒரு வரிகூட மாற்றவேண்டியதில்லை.

இந்தப் பட்டியல் வளர்ந்தது, டேப்லெட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக அளந்து அனுப்பியதால். தயாரிப்பாளர் நான்கு வரி எழுதியிருந்தால் இந்த உழைப்பே தேவைப்பட்டிருக்காது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. அரசுப் பணத்தில் பள்ளிகளுக்குக் கருவி வாங்கும்போதாவது, வன்பொருள் விவரம் ஃபர்ம்வேரில் முழுசாக இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் கேட்கவேண்டும். கூடுதல் செலவென்று சொல்ல ஒன்றுமில்லை, கருவி இன்னும் பல வருஷம் உழைக்கும்.

வாசகருக்கு: அண்மைக்கால கர்னல்களில் இந்தக் குறிப்பைத் துவக்கக் கட்டளை வரியிலேயே கொடுத்துப் பார்க்கலாம். சிப்பின் ஏசிபிஐ பெயர், முக்காற்புள்ளி, பிறகு மாற்றவேண்டிய பண்பு. தலைகீழ் அச்சுக்குப் பண்பின் பெயர் மட்டும் போதும், அளவுக்குச் சமக்குறி போட்டு எண்ணைச் சேர்க்கவேண்டும். முதலில் உயர அச்சை மட்டும் திருப்பிப் பாருங்கள். திரையின் நாலு மூலையையும் தொட்டுப் பார்த்து எது எங்கே விழுகிறது என்று குறித்து அனுப்புங்கள், கூடவே பயாஸ் காட்டும் மாடல் பெயரையும். பட்டியலில் சேர்க்கவேண்டிய வரியை உட்கார்ந்து எழுதிவிடலாம்.