காசு தம்பியுடையது, உறுதி அக்கா பேரில்: காணியைக் கேட்கலாமா?

தம்பி கட்டாரில் இருந்து காசு அனுப்ப, கல்லடியில் ஒரு வளவு வாங்கி உறுதியை அக்கா பேரில் முடிக்கிறார்கள். அக்கா காலமான பிறகு பிள்ளைகள் "இது அம்மாவின் சொத்து" என்று நிற்கிறார்கள். மட்டக்களப்பில் இது ஒன்றும் புதுக்கதை இல்லை.

உறுதியில் பேர் இல்லாவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்கத் தேவையில்லை. காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, விலையை ஒருவர் கொடுத்து உறுதி இன்னொருவர் பேரில் எழுதப்பட்டிருந்து, கொடுத்தவர் அதை மற்றவருக்கே விட்டுவிடும் எண்ணத்தில் கொடுக்கவில்லை என்று தெரிந்தால், பேர் உள்ளவர் அந்தக் காணியைக் காசு கொடுத்தவருக்காகத்தான் வைத்திருக்கிறார். சட்டத்தரணிகள் கன்ஸ்ட்ரக்டிவ் ட்ரஸ்ட் என்பது இதைத்தான்.

சிக்கல் அந்த எண்ணத்தில்தான். எங்கள் பக்கம் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான், அதற்கு உழைப்பது ஆண் சகோதரங்கள். அதனால் எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது "அது சீதனமாகக் கொடுத்தது" என்றுதான். வங்கிச் சிட்டையை மட்டும் காட்டினால் காசு வந்தது தெரியும், எதற்காக வந்தது என்பது தெரியாது. அக்காவே "உன்ர காணி" என்று எழுதிய கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ, மூல உறுதி யார் கையில் இருந்தது, வாடகை யாருக்குப் போனது, சோலை வரி யார் கட்டினார்கள், இவைதான் வழக்கை நிலைநிறுத்தும். இன்னொன்று, 84 பேசுவது காணியின் விலையைப் பற்றி. பிறகு வீடு கட்ட அனுப்பிய காசு வேறு கணக்கு.

அப்பா தன் சம்மாந்துறை வயலைக் கடனுக்காக மூத்த மகனுக்கு விற்றதுபோல் எழுதிக் கொடுத்திருந்தால் அது அதே சட்டத்தின் 83ஆம் பிரிவு: வயலை உண்மையில் விட்டுவிடும் எண்ணம் அப்பாவுக்கு இல்லையென்றால், மகன் அதை அப்பாவுக்காகத்தான் வைத்திருக்கிறார். எழுதிய பிறகும் வயலைச் செய்தது யார், உறுதிச் செலவு யாருடையது, விலை படுமோசமாகக் குறைவா என்று நீதிமன்றம் பார்க்கும். 1947இல் எஹியா லெப்பை எதிர் மஜீத் வழக்கில் சொல்லப்பட்டவையும் இவையே. வாய்மொழிச் சாட்சியும் எடுபடும்.

விஷயம் தெரியாமல், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரை 98ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆகவே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதும், வழக்கு நடக்கிறது என்பதைக் காணிப் பதிவகத்தில் பதியச் சொல்லிச் சட்டத்தரணியை விடாமல் கேளுங்கள். பெர்மிட் காணி, அதாவது அரசின் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணி என்றால் இதெல்லாம் அப்படியே பொருந்தாது, முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.