தோலுக்கடியில் ஒரு சிஸ்ட் (பை போன்ற கட்டி): என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவ சேவை எப்போது எடுத்துத் தரும்?

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்காக இது. காதுக்குப் பின்னால், உள்ளங்காலில், விரல் நுனியில் என்று எதிர்பாராத இடத்தில் ஒரு உருண்டை வருகிறது. ஜி.பி. (குடும்ப டாக்டர்) தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆபத்தில்லாத சிஸ்ட், விட்டுவிடலாம்" என்கிறார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவர் கையைக் கட்டிப்போடும் விதி ஒன்று இருக்கிறது.

2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த என்.எச்.எஸ். வழிகாட்டுதல் 17 சிகிச்சைகளுக்குக் கட்டுப்பாடு வைத்தது. அவற்றில் 13, நிபந்தனை பொருந்தினால் மட்டுமே. தீங்கற்ற தோல் கட்டிகளை எடுப்பது அந்த 13-இல் ஒன்று. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பது காரணமாகாது. அடிக்கடி வலி, அன்றாட வேலையில் ரத்தக் கசிவு, ஆண்டுக்கு 2 முறையாவது ஆன்டிபயாடிக் தேவைப்படும் தொற்று, மூட்டை அசைக்க முடியாமை, காதுத் துளை போன்ற திறப்பு அடைபடுவது, நரம்பை அழுத்துவது: இதில் ஒன்று இருந்தாலும் கேட்கலாம்.

இங்கேதான் இடம் முக்கியம். முதுகில் பட்டாணி அளவு சிஸ்ட் இருந்தால் மறந்தே போய்விடும். அதே பட்டாணி குதிகாலில் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் குத்தும். எனவே ஜி.பி.யிடம் அளவைச் சொல்லாதீர்கள். அது என்ன செய்யவிடாமல் தடுக்கிறது என்று சொல்லுங்கள். சீழ் வைத்த தேதி, மாத்திரை சாப்பிட்ட தேதி எல்லாம் உங்கள் பதிவில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் இந்த விதி குறுக்கே வராது. கண்ணிமைக் கட்டிக்குத் தனி விதி. குழந்தைக்குப் பிறவியிலேயே மூக்கின் நடுக்கோட்டில் இருக்கும் கட்டி வேறு கதை: அது மண்டைக்குள் வரை போயிருக்கலாம், ஸ்கேன் எடுக்காமல் யாரும் கத்தி வைக்கக் கூடாது.

அறுவை பெரும்பாலும் எளிது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, பையை முழுசாக உரித்தெடுப்பார்கள். இதை நாம் கொழுப்புக் கட்டி என்கிறோம். ஆனால் உள்ளே இருக்கும் வெள்ளைக் களி பெரும்பாலும் கெரட்டின், நகத்தில் இருக்கிற அதே பொருள். பிதுக்கினால் களி வரும், பை தங்கிவிடும், அப்புறம் மறுபடி நிரம்பும். சீழ் பிடித்திருந்தால் முதலில் அதை வடித்து, வீக்கம் வற்றிய பிறகே பையில் கைவைப்பார்கள்.

நிபந்தனை எதுவும் பொருந்தவில்லையா? உங்கள் நிலைமை விதிவிலக்கானது என்று காட்டி, டாக்டர் மூலமாகத் தனிநபர் நிதிக் கோரிக்கை (உங்கள் ஒருவருக்காக என்.எச்.எஸ். செலவை ஏற்கும்படி கேட்பது) அனுப்பலாம். லேசில் கிடைக்காது. இல்லையென்றால் தனியாரில் சொந்தக் காசுதான். அங்கே எடுத்தாலும் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.