ஆங்கிலத் தேர்வின் ஒரு வினா எப்படி உருவாகிறது? கோடைக்காலப் பயிற்சியாளர்கள் கற்கும் தொழில்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், பிரின்ஸ்டன் நகரை ஒட்டிய பரந்த வளாகம் ஒன்றில் இயங்கும் ஈ.டி.எஸ். என்னும் கல்வித் தேர்வு நிறுவனம், பல ஆண்டுகளாக ஜூன், ஜூலை மாதங்களில் ஆய்வு மாணவர்களை ஊதியத்துடன் கூடிய பயிற்சிப் பணிக்கு அழைத்து வந்திருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் ஆங்கிலத் திறனை அளக்கும் டோஃபல் தேர்வை நடத்தும் நிறுவனம் இதுதான். பிட்ஸ்பர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட, மொழி கற்பிக்கும் செயலி நிறுவனமான டுவோலிங்கோவும் தன் ஆங்கிலத் தேர்வுக்காக இத்தகைய பயிற்சியாளர்களை எடுத்ததுண்டு. பயன்பாட்டு மொழியியல், ஆங்கிலம் கற்பித்தல், திறன்களைத் தேர்வுகளால் அளக்கும் உள அளவீட்டியல் ஆகிய துறைகளில் மேற்படிப்புப் படிப்பவர்கள்தான் பெரும்பாலும் இவற்றுக்கு விண்ணப்பிக்கிறார்கள். சென்னையிலோ கொழும்பிலோ தேர்வு மையத்தில் அமரும் மாணவர் ஒருவருக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இந்தத் தேர்வுகளின் மதிப்பெண்ணைப் பொறுத்து அமைவதால், அந்த வினாக்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை அறிந்துகொள்வது நமக்கும் தேவையானது.

வினா எழுதுவது எளிய வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பள்ளியில் ஆசிரியர்கள் ஒரு மாலைப் பொழுதில் வினாத்தாளைத் தயாரித்துவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் பல நாடுகளில், பல தாய்மொழிகளைப் பேசும் இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் ஒரு வினா இடம்பெறுவதற்கு முன் அது பலரின் கைகளைக் கடந்து, உண்மையான தேர்வர்களிடம் சோதிக்கப்பட்டு, புள்ளியியல் கணக்கிலும் தேற வேண்டும். எழுதப்படுபவற்றில் கணிசமானவை வழியிலேயே விழுந்துவிடும். ஏன் விழுந்தன என்பதை ஆதாரத்தோடு பார்த்துப் பழகுவதுதான் பயிற்சியின் மையம் என்று நான் கருதுகிறேன். பாடநூலைப் படித்து மட்டும் இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

தொடக்கக் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1913-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆங்கிலப் புலமைச் சான்றிதழ்த் தேர்வை முதன்முதலாக நடத்தியபோது எழுதியவர்கள் மூன்றே பேர். மொழிபெயர்ப்பு, ஒலியியல், இலக்கியம், கட்டுரை, வாய்மொழி என ஏறத்தாழ 12 மணி நேரம் நீண்ட அத்தேர்வில் மூவரும் தேர்ச்சி பெறவில்லை. மூன்று பேருக்கான தேர்வில் புள்ளியியலுக்கு இடமே இல்லை. தேர்வாளரின் தனி முடிவே எல்லாம். 1964-இல் டோஃபல் தொடங்கிய பின் ஒரே வினாவைப் பல்லாயிரம் பேர் எழுதும் காலம் வந்தது. டோஃபலுக்குச் சற்று முன், 1961-இல், அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் லாடோ தம் நூலில் ஒலி, சொல், இலக்கணம் என்று மொழியைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்துச் சோதிக்கும் முறையை வகுத்தளித்தார். அதே ஆண்டில் உளவியலாளர் ஜான் கேரல், மொழியைப் பயன்படுத்தும்போது எல்லாக் கூறுகளும் ஒருங்கே இயங்குவதால் அந்த முழுமையையும் அளக்க வேண்டும் என்று வாதிட்டார். இந்த இரு நோக்குகளுக்கும் இடையிலான இழுபறி இன்றுவரை ஒவ்வொரு தேர்வின் அமைப்பிலும் தெரிகிறது.

பயிற்சிக்கு வருபவரின் கையில் முதலில் கொடுக்கப்படுவது வினா எழுதும் தாள் அல்ல, தேர்வின் விவரக்குறிப்பு ஆவணம். எந்தத் திறனை அளக்க வேண்டும், பத்தி எத்தனை சொற்களுக்குள் அமைய வேண்டும், எந்த வகைப் பேச்சு இடம்பெறலாம், ஒரு பத்திக்கு எத்தனை வினாக்கள், அவற்றுள் நேரடித் தகவலைக் கேட்பவை எத்தனை, உய்த்துணர வேண்டியவை எத்தனை என்பவற்றையெல்லாம் அது வரையறுக்கிறது. இந்த வரையறைகளுக்குப் பின்னால் ஆய்வு இருக்கிறது. டோஃபல் தேர்வைப் புதுப்பிக்கும் முயற்சியின் பகுதியாக, வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பைபர் குழுவினர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உண்மையாகப் பேசப்படும், எழுதப்படும் ஆங்கிலத்தைத் திரட்டினார்கள். வகுப்பறை விரிவுரைகள், பேராசிரியரை அவருடைய அறையில் சந்திக்கும் உரையாடல்கள், மாணவர்கள் கூடிப் படிக்கும்போது நிகழும் பேச்சு, நூலகத்திலும் அலுவலகத்திலும் நடக்கும் விசாரிப்புகள், பாடநூல்கள் எனச் சுமார் 27 இலட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பு அது. பாடநூல் நடை பெயர்ச்சொற்களால் இறுகியிருக்க, விரிவுரை நடையோ எதிர்பார்த்ததைவிட அன்றாட உரையாடலுக்கு நெருக்கமாக இருந்தது என்பது அதிலிருந்து கிடைத்த முக்கியமான தகவல். 2005-இல் வந்த இணையவழி டோஃபலின் கேட்டல் பகுதியில், விடுதி அலுவலகத்தில் மாணவர் பேசுவதும் பேராசிரியரிடம் ஐயம் கேட்பதும் இடம்பெற்றது இத்தகைய சான்றுகளை ஒட்டித்தான்.

அடுத்துதான் எழுதும் வேலை. சரியான விடையை எழுதுவது எளிது. தவறான விடைகளை எழுதுவதில்தான் தொழில் இருக்கிறது. திசைதிருப்பிகள் எனப்படும் இந்தத் தவறான தெரிவுகள், மொழியை அரைகுறையாக அறிந்தவருக்குச் சரியெனத் தோன்ற வேண்டும், நன்றாக அறிந்தவருக்குத் தவறெனத் தெரிய வேண்டும்.

சொல்லறிவைச் சோதிக்கும் ஓர் எளிய வினாவை எடுத்துக்கொள்வோம். ‘தி கமிட்டி ____ தி ப்ரொபோசல்’ என்ற வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். விடை ‘ரிஜெக்டட்’ (நிராகரித்தது) என்று வைத்துக்கொள்வோம். புதியவர் ஒருவர் திசைதிருப்பிகளாக ‘டிஸ்மிஸ்ட்’, ‘டிக்ளைன்ட்’, ‘ப்ரிவென்டட்’ ஆகியவற்றை எழுதித் தருகிறார். முதல் பார்வையிலேயே மதிப்பாய்வாளர் இதை நிறுத்திவிடுவார்: ‘டிஸ்மிஸ்ட்’ அங்கே இயல்பாகப் பொருந்துகிறது, ‘டிக்ளைன்ட்’ என்பதையும் தவறென்று சொல்ல முடியாது, ஆக ஒரே வினாவுக்கு மூன்று விடைகள். உடனே அவர் ‘ரிஃப்ரெய்ன்ட்’, ‘டிஸ்அப்பியர்ட்’ என்று மாற்றுகிறார். இப்போது விடை ஒன்றுதான், ஆனால் வேறொரு குறை புகுந்துவிட்டது. இந்த வினைச்சொற்கள் செயப்படுபொருளை நேரடியாக ஏற்காதவை என்பதால், அவற்றின் பொருள் தெரியாதவரும் இலக்கணத்தை வைத்தே தள்ளிவிடலாம். சொல்லறிவை அளக்க வந்த வினா இலக்கண வினாவாகிவிட்டது. மூன்றாம் முறை, வாக்கியத்தின் இறுதியில் ‘செலவு மிக அதிகமாகும் என்பதால்’ என்று பொருள்படும் ஒரு தொடரை ஆங்கிலத்தில் சேர்த்து, ‘அப்ரூவ்ட்’, ‘என்டார்ஸ்ட்’, ‘ரிவைஸ்ட்’ என்று தருகிறார். முதல் இரண்டும் நல்லவை. மூன்றாவது உதவாது, ஏனெனில் செலவு அதிகமாகும் என்பதற்காக ஒரு திட்டத்தைக் குழு திருத்தியமைப்பதும் முற்றிலும் இயல்பானதே. எழுதியவர் கண்ணுக்கு இது படுவதேயில்லை, ஏனென்றால் அவர் மனத்தில் விடை முன்பே முடிவாகிவிட்டது. வினாவை எழுதியவரைத் தவிர வேறொருவர், விடைக்குறிப்பைப் பார்க்காமல் அதை எழுதிப் பார்க்க வேண்டும் என்ற விதி இதனால்தான் உண்டு.

வாசித்தல் பகுதிக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. பத்தியை மறைத்துவிட்டு வினாக்களை மட்டும் ஒருவரிடம் கொடுத்து விடையளிக்கச் சொல்வார்கள். தேனீக்கள் நடனமாடுவது ஏன் என்று கேட்டால், உயிரியல் படித்தவர் பத்தியைப் படிக்காமலே உணவு இருக்கும் திசையைக் காட்டவென்று சொல்லிவிடுவார். அவர் பெறும் மதிப்பெண் ஆங்கில வாசிப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. நான்கு தெரிவுகளில் சரியானது மட்டும் மிக நீளமாக இருப்பது, மற்ற மூன்றிலும் ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ போன்ற அழுத்தச் சொற்கள் இருப்பது ஆகியவையும் இந்தச் சோதனையில்தான் அகப்படும்.

இத்தனையையும் கடந்த வினா, முன்சோதனைக்குப் போகிறது. உண்மையான தேர்வுக்குள்ளேயே, மதிப்பெண் கணக்கில் சேராத வினாக்களாக இவற்றைக் கலந்து வைப்பது ஒரு வழக்கம். 2023-இல் சுருக்கப்படும் வரை டோஃபலின் வாசித்தல், கேட்டல் பகுதிகளில் இது இருந்தது. எது சோதனை வினா என்று தேர்வருக்குத் தெரியாததால் அவர் முழு முயற்சியுடனே விடையளிக்கிறார். தரவுகள் சேர்ந்து வர மாதங்கள் ஆகும் என்பதால், தம் வினாவின் முடிவைக் காணும் வாய்ப்பு எட்டு வாரங்களுக்கு வந்துபோகும் பயிற்சியாளருக்குப் பெரும்பாலும் இருக்காது. பழைய முன்சோதனைத் தரவுகளைக் கொண்டே அவர் பகுப்பாய்வைக் கற்கிறார்.

அந்தப் பகுப்பாய்வில் இரண்டு எண்கள் அடிப்படை. எத்தனை விழுக்காட்டினர் சரியாக விடையளித்தார்கள் என்பது கடினத்தன்மையைக் காட்டும். வேறுபடுத்தும் திறன் என்பது, நன்கு தேர்ந்தவர்களையும் தேராதவர்களையும் அந்த வினா பிரித்துக் காட்டுகிறதா என்பதைச் சொல்லும். எடுத்துக்காட்டாக, 200 பேர் எழுதியதாகக் கொண்டு, மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 விழுக்காட்டினரையும் கீழே உள்ள 27 விழுக்காட்டினரையும், அதாவது தலா 54 பேரை எடுத்துக்கொள்வோம். இந்த 27 என்னும் எண்ணை 1939-இல் பரிந்துரைத்தவர் ட்ரூமன் கெல்லி. மேல் குழுவில் 46 பேரும் கீழ்க் குழுவில் 21 பேரும் சரியாக எழுதியிருந்தால், 0.85-இலிருந்து 0.39-ஐக் கழிக்க 0.46 வருகிறது, இது நல்ல வினா. இன்னொரு வினாவில் மேல் குழுவின் 26 பேர் சரியான விடையையும் 24 பேர் மூன்றாவது தெரிவையும் எடுத்திருக்கிறார்கள். கீழ்க் குழுவில் 23 பேர் சரியாக எழுத, மூன்றாவது தெரிவை எடுத்தவர்கள் 8 பேர்தான். வேறுபடுத்தும் திறன் 0.06-க்குக்கூட எட்டவில்லை. அதைவிட முக்கியமானது, அந்த மூன்றாவது தெரிவு கெட்டிக்காரர்களை ஈர்த்திருக்கிறது என்பது. கெட்டிக்காரர்கள் கூட்டமாக ஒரு ‘தவறான’ விடைக்குப் போனால், பெரும்பாலும் குறை வினாவில்தான் இருக்கும். ‘ரிவைஸ்ட்’ போன்ற சொல் மதிப்பாய்வில் தப்பிவிட்டிருந்தால் இப்படித்தான் பிடிபடும்.

இந்த எளிய கணக்குகளுக்கு ஒரு வரம்பு உண்டு: எழுதிய கூட்டம் மாறினால் எண்களும் மாறும். அதற்குத் தீர்வாக டென்மார்க்கின் கணிதவியலாளர் கேயோர்க் ராஷ் 1960-இல் வெளியிட்ட கணித மாதிரி, தேர்வரின் திறனையும் வினாவின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் சரியான விடைக்கான வாய்ப்பு 50 விழுக்காடு. திறன் ஓர் அலகு மேலே இருந்தால் 73, இரண்டு அலகு மேலே இருந்தால் 88. ஒருவருடைய விடைகளைப் பார்த்துக்கொண்டே அடுத்த வினாவைக் கணினி தேர்ந்தெடுக்கும் தகவமைப்புத் தேர்வுகள், டுவோலிங்கோவின் தேர்வு உட்பட, இவ்வகை மாதிரிகளின் குடும்பத்தைச் சார்ந்தவையே.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது நியாயம் பற்றிய சோதனை. ஒரே அளவு ஆங்கிலத் திறன் கொண்ட இரு குழுவினருக்கு ஒரு வினா மட்டும் வெவ்வேறு அளவில் கடினமாக இருந்தால், அது ஆங்கிலத்தைத் தவிர வேறெதையோ அளக்கிறது என்று ஐயுற வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் பரவலாகப் பயன்படும் முறையை நேதன் மான்டல், வில்லியம் ஹென்ஸல் ஆகியோர் 1959-இல் உருவாக்கியது நோய்களைப் பற்றிய தரவுகளுக்காக. 1980-களில் ஈ.டி.எஸ். ஆய்வாளர்களான பால் ஹாலண்டும் டோரதி தேயரும் அதைத் தேர்வு வினாக்களுக்குக் கொண்டுவந்தார்கள். வினாக்கள் ஏ, பி, சி என வகைப்படுத்தப்படுகின்றன. சி என்றால் வேறுபாடு பெரியது. ‘ஃபெஸிலிடேட்’ (எளிதாக்கு) போன்ற ஆங்கிலச் சொல் ஸ்பானிய மொழி பேசுபவருக்குத் தம் மொழியின் ‘ஃபஸிலிதார்’ வழியாக உடனே விளங்கிவிடும். சீனருக்கும் தமிழருக்கும் அந்த உதவி இல்லை. இதை நீக்குவதா? அச்சொல் பல்கலைக்கழகத்தில் உண்மையாகவே தேவைப்படும் சொல் என்றால், ஸ்பானியருக்கு அது தெரிவது அவருடைய உண்மையான திறன்தான் என்று வாதிடலாம். எண் எச்சரிக்கை மட்டுமே தருகிறது; முடிவை மனிதர்கள் எடுக்கிறார்கள்.

அந்த மனிதர்கள் யார் என்ற வினா இங்கேதான் எழுகிறது. பனிச்சறுக்கைப் பற்றிய பத்தியைப் பார்த்ததும், பனியையே பார்க்காதவருக்கு இது எப்படி இருக்கும் என்று கேட்பவர் மதிப்பாய்வு அறையில் இருந்தால், அந்தக் குறை முன்சோதனைக்கு முன்பே தீர்ந்துவிடும். ஊதியமில்லாப் பயிற்சியை, இரண்டு மாத வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் சொந்தப் பணத்தில் தாங்கக்கூடியவர்கள் மட்டுமே ஏற்க முடியும். உலகம் முழுவதற்குமான தேர்வை அந்தச் சிறு கூட்டத்தாரிடம் மட்டும் விட்டுவிடுவது தேர்வின் ஏற்புடைமைக்கே, அதாவது அளக்க வேண்டியதையே அது அளக்கிறது என்ற நம்பகத்துக்கே கேடு. ஆகவே ஊதியம் என்பது சலுகை அல்ல என்றும், அளவீட்டுத் தரத்தின் ஒரு பகுதி என்றும் நான் உறுதியாக நினைக்கிறேன். இலாப நோக்குள்ள நிறுவனங்களைப் பொறுத்தவரை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் அளவுகோலும் இதை ஒட்டியே இருக்கிறது: பணியால் முதன்மையாகப் பயன் பெறுபவர் யார் என்று அது கேட்கிறது, அது நிறுவனம்தான் என்றால் பயிற்சியாளரும் ஊழியராகவே கருதப்பட்டு ஊதியம் பெற வேண்டும்.

இப்போது பெருமொழி மாதிரிகள் எனப்படும், எழுத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் நொடிகளில் பத்தியும் வினாவும் தந்துவிடுகின்றன. டுவோலிங்கோ தன் தேர்வு உருவாக்கத்தில் அவற்றைப் பயன்படுத்தி, வெளிவருபவற்றை வல்லுநர்களின் மதிப்பாய்வுக்கு உட்படுத்துகிறது. இதனால் பயிற்சியாளரின் வேலை எழுதுவதிலிருந்து மதிப்பாய்வுக்கு நகர்கிறது. எனினும் தானே எழுதி, தன் வினா ஏன் வீழ்ந்தது என்று பார்த்தவருக்குத்தான், சரளமான நடையில் இயந்திரம் தரும் வினாவில் ஒளிந்திருக்கும் இரண்டாவது விடை கண்ணில் படும். எனவே முதல் சில வாரங்களிலாவது பயிற்சியாளர்களைக் கையால் எழுத வைப்பதை நிறுவனங்கள் கைவிடக் கூடாது.

இந்தத் துறையில் நுழைய விரும்பும் நம் மாணவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. கோடைப் பயிற்சிக்கான விண்ணப்பங்கள் பொதுவாகச் சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். அமெரிக்காவில் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் படிப்பவர்கள் படிப்புக் காலத்தில் ஊதியப் பயிற்சி ஏற்க வேண்டுமானால், பாடத்திட்டத்தின் பகுதியாக அதற்கு அனுமதி பெற்று, கல்வி நிறுவனம் தரும் ஐ-20 படிவத்தில் அது பதிவான பிறகே பணியைத் தொடங்க முடியும்; பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருப்பதும் இதற்கு நிபந்தனை. பணியில் சேரும்போது இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும் என்பதால், அங்கே எழுதிய வினாக்களைப் பின்னர் வேலைக்கான மாதிரியாகக் காட்ட இயலாது. அதற்கென்று சொந்தமாகச் சில வினாக்களை எழுதி, ஒரு வகுப்பில் சோதித்து, மேலே சொன்ன இரண்டு எண்களையும் கணக்கிட்டு வைத்துக்கொள்வது விண்ணப்பத்துக்கும் நேர்காணலுக்கும் பயன்படும்.